பெரிய டயர் மாட்டிய பிக்கப்பில் டை ராட் வளைந்துவிட்டது: ஸ்லீவ் போட்டால் போதுமா?

கேள்வி: ஏரிக்கரைவாசி

வணக்கம். நான் வட டெக்சாஸில் வசிக்கிறேன். படகு இழுப்பதற்காக முக்கால் டன் டீசல் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறேன்; முன்பக்கம் டார்ஷன் பாருடன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொடுக்கும் கம்பி) கூடிய தனித்தனி சஸ்பென்ஷன். வண்டியோடு வந்த 17 அங்குல ரிம்களையும் 265/70 டயர்களையும் சென்ற ஆண்டு கழற்றிவிட்டு, 35 அங்குல உயரமும் 12.5 அங்குல அகலமும் கொண்ட டயர்களைப் புதிய ரிம்களில் மாட்டினேன். சக்கரம் முன்பைவிட இரண்டு அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறது. டயர் உரசாமல் இருக்க, டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தையும் இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள்.

சென்ற மாதம் டெக்சோமா ஏரியில் படகை ஏற்றிக்கொண்டு, ஈரமான கான்கிரீட் சரிவில் நான்கு சக்கர இயக்கத்தில், ஸ்டீயரிங்கை நன்றாக ஒடித்த நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தபோது வலது முன்சக்கரம் உள்நோக்கித் திரும்பி நின்றது. டை ராடின் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) உட்பகுதி, மரையும் தண்டும் சேரும் இடத்தில் வில்லாக வளைந்திருந்தது. நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. புதிய டை ராட் போட்டு அதன்மேல் தடித்த ஸ்லீவ் (உறைக் குழாய்) மாட்டிவிட்டால் தீர்ந்தது என்கிறார் மெக்கானிக். அது போதுமா?

மறுமொழி: பழைய டீசல்காரன்

ஸ்லீவ் பயனுள்ளதுதான்; நானும் மாட்டியிருக்கிறேன். டை ராடில் மரை வெட்டிய பகுதிதான் மெலிந்தது, அழுத்தம் வரும்போது முதலில் வளைவதும் அதுதான். அந்த இடத்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு குழாய் நின்றால் வளைவதற்கு இடமிருக்காது. ஆனால் அந்த விசை எங்கே போகும் என்பதை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டீர்களா? டை ராட் தாங்கிக்கொண்டால் அடி சென்டர் லிங்க்குக்கு (இரு பக்க டை ராடுகளையும் இணைக்கும் நடுக்கம்பி) போகும். அங்கிருந்து அதன் ஒரு முனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்முக்கும், மறுமுனையைத் திருப்பும் பிட்மன் ஆர்முக்கும், கடைசியில் ஸ்டீயரிங் பாக்ஸின் தண்டுக்கும் போகும். ஏரிக்கரையில் வளைந்த டை ராட் ஒருவகையில் உங்களுக்கு ஃபியூஸாக இருந்திருக்கிறது. ஸ்லீவ் போடுபவர் ஐட்லர், பிட்மன் இரண்டுக்கும் தாங்கு சட்டம் போடாமல் விட்டால், அடுத்த பழுது இன்னும் செலவு பிடிக்கும் இடத்தில் வரும்.

மறுமொழி: அளவுகோல்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் விசை எங்கே போகிறது என்பதைவிட, அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் பழைய டயரின் உயரம் ஏறத்தாழ 31.6 அங்குலம், புதியது அதைவிடச் சுமார் 11 சதவீதம் பெரியது, எடையும் கூடுதல். இருந்தாலும் என் கணிப்பில் முதல் குற்றவாளி ரிம்தான். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையில் பதியும் பகுதியின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் நெம்புகோலின் நீளம். சாதாரண வண்டியில் இது சிறிய தூரம். நீங்கள் அதோடு இரண்டு அங்குலத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். முன்சக்கரம் வண்டியை இழுக்கும்போதெல்லாம் அந்த நீண்ட நெம்புகோல் சக்கரத்தை உள்நோக்கித் திருப்பப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிற்பது டை ராட் மட்டுமே.

டார்ஷன் பாரை முறுக்கியதால் டை ராட் சாய்ந்து நிற்கிறது என்று பலரும் பயப்படுவார்கள். 20 டிகிரி சாய்ந்தால்கூட அதன் மேல் வரும் விசை சுமார் 6 சதவீதமே கூடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: டை ராடின் முனையிலுள்ள பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தன் கோண எல்லையை நெருங்கிவிடுவதால் தாராளமாக அசைய முடியாமல் தண்டையே வளைக்கத் தொடங்குகிறது, மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறுகிறது.

மூன்றாவது, நீங்கள் செய்த காரியம். இந்த வண்டிகளின் நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். பிடிப்புள்ள தரையில் அது முடியாததால் முறுக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. ஈரமானாலும் வரி போட்ட கான்கிரீட் நன்றாகவே பிடிக்கும். படகின் பாரம், ஒடித்த சக்கரம், அழுத்திய கால், மூன்றும் ஒன்று சேர்ந்துவிட்டன.

நானாக இருந்தால் முதலில் பழைய ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு) உள்ள ரிம்முக்குத் திரும்புவேன். 33 அங்குல டயரோடு நிறுத்திக்கொள்வேன். ஸ்லீவ் அதற்குப் பிறகுதான்.

மறுமொழி: அலைன்மென்ட் மேடை

புதிய டை ராட் போட்டதும் டோ சரிசெய்வார்கள். அப்போது இரு முனைகளிலும் உள்ள பால் ஜாயின்ட்கள் அசைவின் நடுவில் நிற்கும்படி பார்த்து கிளாம்ப்பை இறுக்கச் சொல்லுங்கள். ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை எதிர்ப்பக்கமும் சாய்ந்த நிலையில் இறுக்கினால், டை ராட் சுழல வேண்டிய இடத்தில் பால் ஜாயின்ட்டின் ஸ்டட் (முனைத் தண்டு) வளையும். சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) கொண்ட ராம் 2500, 3500 பிக்கப்புகள் 2013இல் பெருமளவில் திரும்ப அழைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். டயர் அளவு அதில் பிரச்சினையே அல்ல.

மற்ற மூட்டுகளை வீட்டிலேயே சோதிக்கலாம். சக்கரங்கள் தரையில் இருக்க, என்ஜினை ஓடவிட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கால் சுற்று ஆட்ட வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. ஸ்டீயரிங் பாக்ஸ் சட்டத்தில் பொருந்தும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்த வாகனங்களுக்கு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை கிடையாது என்பதால், நாமே பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

மறுமொழி: ஏரிக்கரைவாசி

அனைவருக்கும் நன்றி. மகனை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துப் பார்த்தேன். வெளி டை ராட் முனைகள் நன்றாகவே இருக்கின்றன. ஐட்லர் ஆர்ம் மட்டும், பக்கவாட்டில் போவதற்கு முன் ஒரு விரல் தடிமனுக்கு மேலேறி இறங்குகிறது. மெக்கானிக் அதைத் தொட்டே பார்க்கவில்லை. ஐட்லர், பிட்மன் இரண்டையும் மாற்றித் தாங்கு சட்டமும் போடச் சொல்லியிருக்கிறேன். டார்ஷன் பாரைப் பழைய உயரத்துக்கே இறக்குகிறேன். பழைய ரிம்கள் கராஜில்தான் கிடக்கின்றன. 35 அங்குல டயரை விற்பதற்குத்தான் மனம் வர மறுக்கிறது, ஆனால் விளம்பரம் போட்டுவிட்டேன்.