அண்டர்-15: இடது காலில் ஷாட் வேகம் ஏறவில்லை, கால் பலம்தான் காரணமா?

கேள்வி:
கால்பந்து அகாடமி பையன்களுக்கு ரேடார் கன் வைத்து ஷாட் வேகம் எடுக்கிறோம். வலதில் 90 கி.மீ. தொடுகிறவன் இடதில் 70-ஐத் தாண்டுவதில்லை. இடது காலுக்குத் தனியாக லெக் எக்ஸ்டென்ஷன் (உட்கார்ந்து முழங்காலை நீட்டி எடை தூக்கும் பயிற்சி) கொடுத்தால் இடைவெளி குறையுமா?

பதில் 1:
முதலில் அளவைச் சரிபாருங்க. ரேடார் தன் நேர்கோட்டில் வரும் வேகத்தை மட்டும்தான் பிடிக்கும். பந்து 20 டிகிரி விலகினால் 6 சதவீதம் குறைவாகக் காட்டும், 30 டிகிரி என்றால் 13. பழக்கமில்லாத காலில்தான் பந்து அதிகம் விலகும், அதனால் இடைவெளி பெரிதாகத் தெரியும். பெனால்டி புள்ளியில் பந்து, கோலின் நடுவே ஒரு மீட்டர் சதுரக் குறி, அதற்கு நேர் பின்னால் வலைக்கு அப்பால் ரேடார். குறிக்கு வெளியே போனதைக் கணக்கில் சேர்க்காதீங்க.

சைஸ் 5 பந்தின் காற்றழுத்தம் விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். இது ரொம்ப அகலம், ஒரே அளவில் நிறுத்திக்கொள்ளுங்க. ஒரு காலை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் களைப்பு முழுக்க இரண்டாவது கால் தலையில் விழும். வலது, இடது என்று மாற்றி மாற்றி, காலுக்கு ஐந்து ஷாட் போதும்.

பதில் 2:
லெக் எக்ஸ்டென்ஷன் இதற்கு மருந்தில்லை. இரண்டு தொடையின் பலமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் ஆட்டக்காரர்களிடமும் இந்த வேக வித்தியாசம் இருக்கிறது. பாதம் பந்தைத் தொடுவது சுமார் 10 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் கணுக்கால் இறுகி, மேற்பாதம் பந்தின் நடுவில் பட்டால் பாதத்தின் வேகத்தைப் போல சுமார் 1.2 மடங்கில் பந்து கிளம்பும். கணுக்கால் தளர்ந்து விரல் பக்கம் பட்டால் அது கிடைக்காது.

நொடிக்கு 240 ஃபிரேமில் பக்கவாட்டிலும் பின்னாலும் வீடியோ எடுத்துப் பாருங்க. வலதில் உதைக்கும்போது கடைசி எட்டு (காலடி) நீளமாக இருக்கும், இடதில் குட்டையாகிவிடும். எட்டு குட்டையானால் இடுப்பு திரும்பாது, தொடை பின்னால் போக இடமே இருக்காது. வலது கையையும் கவனியுங்க: விரிந்து வீச வேண்டியது உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெரிய விஷயம் ஊன்று கால். இடதில் உதைக்க வலது ஊன்ற வேண்டும், அந்தக் காலுக்கு ஊன்றிப் பழக்கமே இல்லை. பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி ஊன்றணும். பின்னால் ஊன்றினால் உடம்பு சாய்ந்து பந்து எகிறும். முதலில் நிற்கும் பந்தில் ஒரே எட்டு. அது சரியான பிறகு பந்தின் வலப்பக்கம் 45 டிகிரியிலிருந்து மூன்று எட்டு ஓடி வந்து உதைக்கட்டும்.

பதில் 3:
இரண்டு காலும் சமமாக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 1986 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிரான ஷூட்அவுட்டில் இடதிலும், 1990 இறுதிப் போட்டியில் வலதிலும் பெனால்டி அடித்த மேற்கு ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் பிரெமே மாதிரி ஆட்கள் அபூர்வம். உங்கள் பையன் தயங்காமல் இடதில் உதைத்தாலே எதிரணி டிஃபெண்டர் ஒரு பக்கத்தை மட்டும் அடைக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
வாரத்துக்கு எத்தனை ஷாட்? இரண்டு பேருக்கு முழங்காலுக்குக் கீழே வலி வேறு.

பதில் 2:
வாரம் இரண்டு நாள், நாளுக்கு 15 முதல் 20 முழுவேக ஷாட். கூடுதலாகச் சேர்க்காமல் வலது காலின் பங்கிலிருந்து எடுத்துக்கொடுங்க. வலிக்கிறவர்களுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டை அழுத்திப் பாருங்க. அங்கே வலித்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டராக (அந்த மேட்டில் வரும் வளர்பருவ வலி நோய்) இருக்கலாம், வேகமாக வளரும் வயதில் சகஜம். முழுவேக ஷாட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்க. உதைக்கும்போது இடுப்பின் முன்பக்கம் ‘டக்’கென்று பிடித்தால் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீங்க. வளரும் எலும்பின் நுனி பெயர்ந்திருக்கலாம், அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கணும்.