மாமாவோடு பார்த்த 'பல்லாண்டு வாழ்க'

1979, தை மாதம். மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. களத்துமேட்டை ஒட்டி டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். 1975 தீபாவளியை ஒட்டி வெளியான 'பல்லாண்டு வாழ்க' மூன்று வருடம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தது. படத்தின் நாயகன் எம்.ஜி.ஆர். அப்போது முதலமைச்சர், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! எனக்குப் பத்து வயது.

அப்பாவுக்கு அன்று நெல் தூற்றும் வேலை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மாமாவைக் கூப்பிட்டு, "தம்பியைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்வா" என்றார். திண்ணையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மடைத் தகராறில் ஒருவரை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, திருச்சி சிறையில் பல வருடம் இருந்து திரும்பியவர் அவர். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

கொட்டகைக்குள் மணலைக் குவித்து எனக்கு மேடு போட்டுக் கொடுத்தார் மாமா. படம் முடியும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. காய்த்துப்போன உள்ளங்கை, மரப்பட்டைபோலச் சுரசுரவென்று இருந்தது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1957இல் இயக்குநர் சாந்தாராம் இந்தியில் எடுத்த படத்தின் தமிழ் வடிவம். கொலை செய்த ஆறு கைதிகளைச் சிறை அதிகாரி ஒருவர் தன் பொறுப்பில் வெளியே அழைத்துப்போய், தரிசு நிலத்தில் உழைக்க வைத்து மனிதர்களாக்குகிறார். மற்றப் படங்களில் நம்பியார் வந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். அன்று அதே நம்பியாரும் வீரப்பாவும் கைதிகளாக வந்து மண் கொத்தினார்கள், கொட்டகையே அமைதியாகிவிட்டது. என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் பெரிய பலம் அதுதான். வில்லன்களாகவே பார்த்துப் பழகிய முகங்கள் திருந்தும்போது நம்பாமல் இருக்க முடியவில்லை.

தரிசு திருத்தும் இடத்தில் மாமா குனிந்து என் காதில் சொன்னார்: "முதல் தண்ணீரை மண்ணே குடித்துவிடும், தம்பி. இரண்டாம் தண்ணீர்தான் நிற்கும்." அவர் கதையைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இடைவேளையில் முறுக்கு வாங்கித் தந்தார். தான் தின்னவில்லை.

திரும்பும்போது வாய்க்கால் கரையில் நல்ல இருட்டு. என்னை வயல் பக்கம் விட்டு, தான் தண்ணீர் ஓரமாக நடந்து வந்தார். மேட்டூர் அணை மூட இன்னும் சில நாட்களே இருந்தன. மதகில் தண்ணீர் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. அந்த மதகைத் தாண்டிப் போக அவர் எப்போதும் வரப்பு வழியாகச் சுற்றிப்போவார். ஏன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று சுற்றிப்போகவில்லை. மதகின் மேல் என்னை உட்காரவைத்தார். "அப்பா உன்னை என்னோடு அனுப்பிவிட்டாரே" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். மதகுக் கண்ணில் அடைத்திருந்த வைக்கோலையும் ஆகாயத்தாமரையையும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கரையில் போட்டார். தண்ணீர் சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் மேலே ஏறினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.