டிஸ்பேர்: பின்னால் 'ஆஃப்' வந்தால் என்ன, 'அட்' வந்தால் என்ன?

குறிஞ்சிப்பூ கேட்டது:

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வாழ்க்கை வரலாறு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாயகன் காய்ச்சலில் கிடக்கும் இடத்தில் 'ஹிஸ் லைஃப் வாஸ் டிஸ்பேர்ட் ஆஃப்' என்று வாக்கியம் முடிந்துவிடுகிறது. அகராதியில் 'நம்பிக்கை இழ' என்று போட்டிருக்கிறது. அதை வைத்து எழுதினால் 'அவன் வாழ்க்கையில் நம்பிக்கை இழந்தான்' என்று வருகிறது. ஆனால் அவனோ நினைவில்லாமல் கிடக்கிறான்! நம்பிக்கை இழந்தது யார்? இதே நூலில் 'டிஸ்பேர் அட்' என்றும் வருகிறது, எதுவும் ஒட்டாமல் தனியாகவும் வருகிறது. மூன்றும் ஒன்றுதானா?

ஒற்றெழுத்து:

ஒன்றல்ல. இந்த வினையில் பொருளைத் தீர்மானிப்பது பின்னால் ஒட்டும் சொல்தான்.

'ஆஃப்' வந்தால், நடக்கும் என்று எதிர்பார்த்த ஒன்று இனி நடக்காது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்று பொருள். 'ஷி டிஸ்பேர்ட் ஆஃப் ஃபைண்டிங் எ ஜாப்' என்றால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவளுக்குப் போய்விட்டது. 'அட்' வந்தால், கண்ணெதிரே ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பார்த்து மனம் வெறுத்துப்போவது: 'ஹி டிஸ்பேர்ட் அட் த ஸ்டேட் ஆஃப் த ரோட்ஸ்', சாலைகள் கிடந்த கிடையைப் பார்த்து நொந்துபோனான். 'ஓவர்' வந்தாலும் ஏறத்தாழ இதே பொருள்தான். எதுவும் ஒட்டாமல் வந்தால் மனநிலை மட்டும்: மனமுடைந்தான், நம்பிக்கை தளர்ந்தான்.

உங்கள் வாக்கியம் செயப்பாட்டு வினை. 'தே டிஸ்பேர்ட் ஆஃப் ஹிஸ் லைஃப்' என்பதில் 'ஹிஸ் லைஃப்' முன்னுக்கு வந்துவிட்டது, 'ஆஃப்' மட்டும் கடைசியில் தனியாகத் தொங்குகிறது. நம்பிக்கை இழந்தவர்கள் வைத்தியரும் வீட்டாரும். 'லைஃப்' இங்கே உயிர். வாழ்க்கை என்று எடுத்தால் வாக்கியமே வேறு ஆள்மீது போய்விடும். 'அவன் பிழைப்பான் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை' என்று எழுதுங்கள். நம் வீடுகளில் சொல்வதுபோல் வேண்டுமானால் 'வைத்தியர் கையை விரித்துவிட்டார்' என்பதும் பொருந்தும். ஆனால் மூலத்தில் வைத்தியரே வராத இடத்தில் அவரைக் கொண்டுவராதீர்கள்.

பொதுவாக ஒரு வழி: 'ஆஃப்'புக்குப் பின் வெறும் பெயர்ச்சொல் வந்தால் அதற்குள் ஒரு வினை ஒளிந்திருக்கும். தமிழில் அதை வெளியே எடுக்க வேண்டும். உயிர் என்றால் பிழைப்பது, வெற்றி என்றால் கிடைப்பது, ஆள் என்றால் திருந்துவது அல்லது தேறுவது. அந்த வினையை எதிர்காலத்தில் போட்டு, 'என்ற நம்பிக்கை' சேர்த்தால் வாக்கியம் தானாக நின்றுவிடும்.

மூலபாடம்:

இதற்குப் பழைய தமிழ் விவிலியத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. இரண்டாம் கொரிந்தியர் 1:8. 1611 ஆங்கில விவிலியத்தில் 'வி டிஸ்பேர்ட் ஈவன் ஆஃப் லைஃப்'. தமிழில் 'பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக'. ஒற்றெழுத்து சொன்ன அமைப்பு அச்சுப் பிசகாமல் இருக்கிறது.

ஒரு திருத்தம் மட்டும். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒளிந்திருந்த வினையைத் தேடவில்லை. கிரேக்க மூலத்திலேயே 'வாழ்வது' என்ற வினைதான் நிற்கிறது. அதைப் பெயர்ச்சொல்லாகச் சுருக்கியது ஆங்கிலம். அதே நிருபத்தில் 4:8-இல் அதே கிரேக்க வினை எதையும் சாராமல் தனியாக வருகிறது. அங்கே தமிழ் 'மனமுறிவடைகிறதில்லை' என்று மாற்றிக்கொள்கிறது. குறிஞ்சிப்பூ கேட்ட வேறுபாடு இதுதான். எதைப் பற்றிய நம்பிக்கை என்று சொல்லியிருந்தால் 'நம்பிக்கை அற்றுப்போனது', சொல்லாவிட்டால் 'மனமுறிவு'.

கமாக்காரன்:

'எவர்' விஷயத்தை யாரும் தொடவில்லையே. 'டிஸ்பேர்ட் ஆஃப் எவர் சீயிங் ஹெர் அகெய்ன்' என்பது மிகப் பரவலான அமைப்பு. டிஸ்பேர் என்ற சொல்லுக்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது. லத்தீனில் 'ஸ்பெராரே' நம்புவது, முன்னால் 'டே' சேர்ந்தால் அந்த நம்பிக்கை கழன்றுபோவது. அதனால்தான் 'எவர்' வருகிறது. அங்கே 'நெவர்' போட்டால் 'பார்க்கவே மாட்டோம் என்று நம்பியிருந்தான், அது போய்விட்டது' என்று தலைகீழாகிவிடும்.

தமிழிலும் இதே வழுக்கல் உண்டு. 'அவளைப் பார்க்க முடியாது என்று நம்பிக்கை இழந்தான்' என்று பத்திரிகைகளில்கூடப் பார்க்கலாம். பேச்சில் போகட்டும், அச்சில் வேண்டாம். 'அவளை இனி ஒருநாளாவது பார்ப்போம் என்ற நம்பிக்கையை இழந்தான்'. எதிர்மறை ஓரிடத்தில் இருந்தால் போதும்.

குறிஞ்சிப்பூ:

மூவருக்கும் நன்றி. இன்னொன்று. உரையாடலில் ஓர் அத்தை மருமகனைப் பற்றி 'ஐ டிஸ்பேர் ஆஃப் ஹிம்' என்கிறாள். அடுத்த வரியிலேயே சிரிக்கிறாள். 'மனமுறிவு' அங்கே ஒட்டவில்லை.

ஒற்றெழுத்து:

ஒட்டாது. ஆங்கிலேயர் பேச்சில் இது பாதி சலிப்பு, பாதி செல்லம். வெறுமனே 'ஐ டிஸ்பேர்!' என்பதும் அப்படித்தான். நாம் தலையில் அடித்துக்கொண்டு 'கர்மம்' என்போமே, அந்த இடம். அத்தை வாயில் 'இவன் எங்கே உருப்படப் போறான்!' என்று வையுங்கள். 'நம்பிக்கை' என்ற சொல்லே வர வேண்டாம். ஆனால் அதே வாக்கியத்தை ஓர் ஆசிரியர் அறிக்கையில் எழுதியிருந்தால் கிண்டலில்லை. 'இவன் தேறுவான் என்று தோன்றவில்லை' என்றே எழுத வேண்டும்.

'கிவ் அப்'புடனும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முயற்சியை நிறுத்துவது, செயல். டிஸ்பேர் மனத்தில் நடப்பது. நம்பிக்கை போன பிறகும் ஒருவர் தேடிக்கொண்டே இருக்கலாம். 'கைவிட்டான்' என்று மொழிபெயர்த்தால், அடுத்த பத்தியில் அவன் மறுபடி தேடும்போது வாசகர் குழம்புவார்.

தேர்வுமேசை:

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. கோடிட்ட இடத்தில் டிஸ்பேருக்குப் பின் 'ஆஃப்', அதற்குப் பின் 'இங்' வடிவம். 'டிஸ்பேர் டு ஃபைண்ட்' தவறு. 'ஹோப் டு ஃபைண்ட்' பழக்கத்தில் வந்துவிடுவது. 'டிஸ்பேர் ஃப்ரம்' கிடையாது. 'ஐ ஆம் டிஸ்பேர்ட்' என்பதும் தவறு. 'டிஸப்பாயின்டட்', 'ஃப்ரஸ்ட்ரேடட்' எல்லாம் அப்படி வருவதால் இதுவும் வரும் என்று கை போய்விடும். 'ஐ ஆம் இன் டிஸ்பேர்' என்று பெயர்ச்சொல்லாக எழுதலாம்.

எழுத்துப்பிழை இரண்டு. வினைச்சொல் டி-இ-எஸ் என்று தொடங்கும், டி-ஐ-எஸ் அல்ல. 'டெஸ்பரேட்'டில் பி-க்கு அடுத்தது இ. டிஸ்பேரில் உள்ள ஏ-வை நினைத்துக்கொண்டு ஏ போட்டுவிடுகிறார்கள். அழுத்தமும் இடம் மாறும்: டிஸ்பேரில் இரண்டாம் அசை, டெஸ்பரேட்டில் முதல் அசை.

கமாக்காரன்:

டெஸ்பரேட்டை எடுத்ததால் ஒரு வரி. ஒரே வேர்தான், ஆனால் 'டெஸ்பரேட் ஃபார் எ ஜாப்' என்றால் வேலைமேல் நம்பிக்கை இழந்தவன் இல்லை, வேலைக்காக எதையும் செய்யத் துணிந்து தவிப்பவன். குறிஞ்சிப்பூ, உங்கள் நூலில் 'எ டெஸ்பரேட் அட்டெம்ப்ட்' வந்தால் 'நம்பிக்கையற்ற முயற்சி' என்று எழுதிவிடாதீர்கள். வேறு வழி இல்லாதபோது உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் முயற்சி அது. 'டிஸ்பேரிங் லுக்' வந்தால் மட்டும் நம்பிக்கை இழந்த பார்வை.