விமானத்துல ஒருத்தரைப் பிடிச்சுக் கட்டினோம், என் மேல கேஸ் வருமா?

பர்கூர்க்காரன்:
ஷார்ஜாவுல எட்டு வருஷமா லாரி ஓட்டுறேன். போன வாரம் பெங்களூருக்கு வர்றப்ப, ரெண்டு வரிசை முன்னாடி இருந்தவர் ஏறும்போதே நிதானத்துல இல்லை. நடுராத்திரி எழுந்து "இறங்கணும், கதவைத் திற"ன்னு பின்பக்கம் ஓடினார். தடுத்த பணிப்பெண்ணைத் தள்ளிவிட்டார், அந்தப் பொண்ணுக்கு நெத்தியில அடி. உதவிக்குக் கூப்பிட்டாங்க, நாங்க மூணு பேர் போனோம். பிடிச்சு சீட்டுல உட்கார வெச்சோம், அவங்க பிளாஸ்டிக் பட்டையால கையைக் கட்டினாங்க.

இறங்குற வரைக்கும் நான்தான் பக்கத்துல இருந்தேன். பாலக்கோடு பக்கத்து ஆளு, பேச்சுலயே தெரிஞ்சுது. நாலு மாசமா சம்பளம் இல்லையாம், அம்மா சாவுக்கும் விடலையாம். அழுதுக்கிட்டே வந்தார். மணிக்கட்டு தடிச்சுப்போச்சு. நான் இறுக்கிப் பிடிச்ச இடம்.

போலீஸ் என் பாஸ்போர்ட் விவரம் வாங்கியிருக்காங்க. எனக்குப் பிரச்சினை வருமா? அவருக்கு என்ன ஆகும்?

தர்மபுரி வக்கீல்:
பயப்படாதீங்க. விமானத்துக்குள்ள நடக்கிற குற்றங்களைப் பத்தின 1963 டோக்கியோ சர்வதேச ஒப்பந்தத்துக்கு நம்ம நாட்டுல 1975-ல சட்டம் வந்துச்சு. கேப்டன் பயணிகள்கிட்ட உதவி கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அப்படி உதவினவங்களுக்கு அதுலயே பாதுகாப்பு இருக்கு. உங்களை சாட்சியாத்தான் கூப்பிடுவாங்க. அவர் வந்தது நம்ம நாட்டுக் கம்பெனி விமானம்னா, 2017 விதிப்படி கம்பெனிக் குழு 30 நாள்ல முடிவெடுக்கும். வாய்த்தகராறுன்னா 3 மாசம் வரை பறக்கத் தடை, கைநீட்டினா 6 மாசம் வரை. போலீஸ் கேஸ் தனி.

ஓசூர், முன்னாள் விமானப் பணியாளர்:
அந்த உயரத்துல கதவை யாராலும் திறக்க முடியாது, உள்ளே இருக்கிற காற்றழுத்தமே அதை அழுத்திப் பிடிச்சிருக்கும். ஆனா அடிபட்ட பொண்ணுக்கு அது ஆறுதல் இல்லைங்க. நீங்க உட்கார வெச்சது ரொம்ப சரி. குப்புறத் தள்ளி முதுகுல முழங்காலை ஊன்றினா மூச்சு நின்னு செத்தே போகலாம்.

பர்கூர்க்காரன்:
நன்றிங்க. சாட்சிக்குப் போறேன். தள்ளினதைச் சொல்வேன். சம்பளம், அம்மா விஷயமும் சொன்னா கேட்பாங்களா?

தர்மபுரி வக்கீல்:
கண்டிப்பா சொல்லுங்க தம்பி. சம்பள பாக்கிக்கு துபாய் இந்தியத் துணைத் தூதரகத்துல மனு போடலாம். அவர் வீட்டு ஆளுங்க யாராவது தெரிஞ்சா என்கிட்ட அனுப்புங்க, நானே எழுதித் தர்றேன்.

பர்கூர்க்காரன்:
பேர்கூடக் கேட்கலைங்க. நாளைக்கு பாலக்கோடு போய் விசாரிக்கிறேன்.