புவெனஸ் ஐரிஸில் மூன்றரை நாள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். தோல் பதனிடும் ரசாயனங்கள் தொடர்பான வேலையாக நவம்பர் இரண்டாம் வாரத்தில் சாவோ பாலோ செல்கிறேன். மனைவியும் உடன் வருகிறார். வேலை முடிந்ததும், வியாழக்கிழமை நண்பகல் அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் இறங்கி, ஞாயிறு இரவு புறப்படுவதாக எண்ணம். பயண முகவர் தந்த திட்டத்தில் இகுவாசு அருவிக்கு ஒரு நாள், படகேறி உருகுவேயின் கொலோனியாவுக்கு ஒரு நாள் என்று இருக்கிறது; மீதமுள்ள ஒன்றரை நாளில் நகரத்தைப் பார்த்துவிடலாமாம். இது நடக்கிற காரியமா? மனைவி சைவம், கேக்கில் கலந்த முட்டையை மட்டும் கண்டுகொள்ள மாட்டார். மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊரில் அவர் எதைச் சாப்பிடுவார் என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் பெரிய பேச்சு.

காட்பாடி மாலுமி

ஐயா, அந்தத் திட்டத்தை முகவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இகுவாசு பிரேசில் எல்லையில், விமானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. காலையில் போய் இரவில் திரும்பினால், அருவியைவிட விமான நிலைய வரிசைகளைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பீர்கள். கொலோனியாவுக்குப் படகில் ஒன்றேகால் மணி நேரம்தான் என்றாலும் அது வேறு நாடு. அதற்குப் பொதுவாக நமக்குத் தனி விசா வேண்டும். திரும்பி வர, அர்ஜென்டினா விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றை முகவர் சொன்னாரா? பிரேசிலும் அர்ஜென்டினாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் உள்ளவை. தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பினால், இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லுபடியாகும் என்பதால், அந்த ஊசி போடும் சென்னை கிண்டி கிங் நிலையத்துக்கு இப்போதே போய்வாருங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

அந்த ஊருக்கு விமான நிலையங்கள் இரண்டு. எசெய்சா ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஏரோபார்க்கே ஊருக்குள்ளேயே ஆற்றங்கரையில் இருக்கிறது. சாவோ பாலோவிலிருந்து இரண்டுக்கும் விமானம் உண்டு, ஆகவே ஏரோபார்க்கேயில் இறங்குவதாகப் பார்த்து எடுங்கள். அப்படி எடுத்தால், வியாழன் பிற்பகல் மூன்றரைக்கு பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் நிற்கலாம். ராணுவ ஆட்சியில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடி, தாய்மார்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டி, 1977 முதல் வியாழன்தோறும் அந்தச் சதுக்கத்தைச் சுற்றி வருகிறார்கள். தரையிலும் அந்த வெள்ளை முக்காடுதான் வரையப்பட்டிருக்கிறது. கப்பல் வேலையில் எத்தனையோ துறைமுகம் பார்த்திருக்கிறேன். நான் வாய் பேசாமல் நின்ற இடம் அது ஒன்றுதான். எதிரே இளஞ்சிவப்பு நிறத்தில் தெரிவது அதிபர் மாளிகை. அங்கிருந்து 1913-ல் ஓடத் தொடங்கிய 'ஏ' தடச் சுரங்க ரயிலில் ஏறலாம். தென் அரைக்கோளத்திலேயே அதுதான் முதல் சுரங்க ரயில்.

குடியாத்தம் பாட்டி

மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தவள் என்பதால் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே காலை உணவுக்கு மெதியாலூனா என்ற பிறை வடிவ ரொட்டி தருவார்கள். ஒரு வாரம் தினமும் இரண்டு வாங்கி காப்பியில் தொட்டுச் சாப்பிட்டேன்; பிறகுதான் மகள் வந்து, நான் வாங்கியது மெல்லியதாக, மொறுமொறுப்பாக இருக்கும் 'கிராசா' வகை, அதில் சேர்வது விலங்குக் கொழுப்பு என்றாள். அன்று முழுக்க எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. கடைக்காரர் மேல் குற்றமில்லை, நான் கேட்கவில்லை. உப்பலாக, இனிப்பாக இருக்கும் 'மாந்தேகா' வகைதான் வெண்ணெயில் செய்தது. அதைப் பெயர் சொல்லியே கேட்கச் சொல்லுங்கள். எம்பனாடா நம் சோமாசி மாதிரி இருக்கும். உள்ளே சோளப் பூரணம் வைத்ததும் கீரை வைத்ததும் கிடைக்கும், ஆனால் மேல்மாவிலும் கொழுப்பு சேர்ப்பது உண்டு, விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

கவலையில்லாமல் சாப்பிடக்கூடியது புகாசெத்தா: வெங்காயத்தையும் பாலாடைக்கட்டியையும் வாரி இறைத்த பீட்சா. அதன் மேலேயே ஃபைனா என்ற கடலை மாவு அடையை வைத்துச் சாப்பிடுகிறார்கள். மிளகு தூவியிருக்கும், நம் வாய்க்கு ஒட்டும். 'துல்சே தெ லெச்சே' என்பது திரட்டுப்பாலின் ஒன்றுவிட்ட தங்கை. ஒன்று நினைவிருக்கட்டும்: இரவு எட்டு மணிக்கு முன்னால் பல உணவகங்களில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். ஏழரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் மாலையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுவைப்பது நல்லது.

ஆம்பூர் தோல்காரன்

தொழில்காரர் என்கிறீர்கள், அதனால் அந்த ஊரின் வில்யா கிரெஸ்போ பகுதியில் முரில்யோ தெருவை விட்டுவிடாதீர்கள். தெரு முழுக்கத் தோல் கடைகள். கார்பிஞ்சோ என்ற பெரிய கொறிவிலங்கின் தோலில் செய்த கையுறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும், அப்படியொரு மென்மை. வெள்ளிக்கிழமையை அதற்கும் ரெக்கோலேத்தாவுக்கும் வையுங்கள். ரெக்கோலேத்தா இடுகாட்டில், முன்னாள் அதிபர் பெரோனின் மனைவி எவா பெரோன் சமாதியைத் தேடுபவர்கள் 'பெரோன்' என்ற பெயரைத் தேடி அலைகிறார்கள். அவர் இருப்பது பிறந்த வீட்டுக் குடும்பமான துவார்த்தே கல்லறையில். பக்கத்திலேயே 1919-ல் கட்டிய ஒரு நாடக அரங்கு இப்போது எல் அதெனேயோ என்ற புத்தகக் கடையாக இருக்கிறது. மேடையில் காப்பி விற்கிறார்கள்.

சனிக்கிழமை கொலோன் என்ற ஓபரா அரங்கையும் காமினீத்தோ தெருவின் வண்ண வீடுகளையும் பார்க்கலாம். பின்னதைப் பகலில் மட்டும் பாருங்கள், சுற்றுலாத் தெருக்களைத் தாண்டிப் போகாதீர்கள். ஞாயிறு சான் தெல்மோ சந்தைக்கு. அது அன்று ஒருநாள்தான் தெருவில் கூடும். என் சட்டையில் யாரோ மஞ்சளாக எதையோ தெளிக்க, இன்னொருவர் அன்போடு துடைத்துவிட்டார். பர்ஸும் சேர்ந்தே போய்விட்டது. கறை பட்டால் துடைக்க நிற்காமல் ஒரு கடைக்குள் நுழைந்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை

மூவருக்கும் நன்றி. இகுவாசுவையும் கொலோனியாவையும் நீக்கச் சொல்லிவிட்டேன். முகவருக்குச் சற்று வருத்தம். விமானத்தை ஏரோபார்க்கேக்கு மாற்றியாயிற்று. ஊசிக்கு அடுத்த வாரம் கிண்டி போகிறோம். பாட்டி சொன்ன 'மாந்தேகா'வை மனைவி காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறார். நம் ஊரில் ஐப்பசி அடைமழையாக இருக்கும் அந்த வாரத்தில் அங்கே வசந்த காலம் என்பதால், கம்பளி எடுக்க வேண்டுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

குடியாத்தம் பாட்டி

மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும், அதுவும் இரவுக்குத்தான். நவம்பரில் அங்கே தெருவெல்லாம் ஜகரண்டா ஊதாவாகப் பூத்துக் கொட்டும். மழை பெய்தால் பூவிதழில் கால் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பாக எடுத்துப் போங்கள்.