ஹெசரகட்டா பனியில் லென்ஸ் ஹீட்டர்: ஃபோகஸ் நகராமல் கட்டுவது எப்படி?

பெங்களூர் நண்பர்களுக்கு வணக்கம். மார்கழி, தை இரவுகளில் ஹெசரகட்டா புல்வெளிப் பக்கம் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைப் படம் எடுப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

கேனான் ஏ.பி.எஸ்.-சி (சிறிய சென்சார்) கேமரா பாடி, பழைய 18-55 கிட் லென்ஸ். 18 மி.மீ., எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 1600, 15 நொடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுபடும்.

தொல்லை பனிதான். லென்ஸின் முன்கண்ணாடி திறந்த வானத்துக்குச் சூட்டை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. முதலில் ரிகெல், சிரியஸ் போன்ற பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் வரும். அப்புறம் மங்கலான நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போகும். துடைத்தாலும் சில நிமிடத்தில் திரும்பப் படியும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹுட் பனி படிவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

அதனால் லென்ஸைச் சுற்றிக் கட்ட, 5 வோல்ட் பவர் பேங்கில் ஓடும் ஹீட்டர் பட்டை: 47 ஓம் ரெசிஸ்டர் 10, பேரலலாக. மொத்தம் சுமார் 5 வாட், 1 ஆம்பியர். ஒவ்வொன்றிலும் அரை வாட்டுக்குச் சற்று மேல் போவதால் 1 வாட் ரெசிஸ்டர்தான் சரி. கால் வாட் கருகிவிடும். சூட்டில் ஃபோகஸ் மாறும் என்பதால் பட்டையை 20 நிமிடம் ஓடவிட்ட பிறகே லைவ் வியூவில் (கேமரா திரையில்) 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் வைக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். இந்த லென்ஸில் ஃபோகஸ் செய்யும்போது முன்வளையமே சுழலும். வயர் தொங்கும் எடைக்கே அது நகர்ந்துவிடுகிறது. டேப்பின் பசை ஈரத்தில் விட்டுப்போகிறது. வயரை எங்கே, எதனால் கட்டுகிறீர்கள்? படம் போட்டால் பேருதவி.

எஸ்.பி. ரோட்டில் 1 வாட் ரெசிஸ்டர் சில்லறையாகத் தரும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். விடிந்ததும் ஹெசரகட்டாவிலேயே நடந்து பறவைகளைப் படம் எடுப்பவர்கள், இப்போதைய அனுமதி நடைமுறையையும் எழுதுங்கள்.