16 வருசம் கழிச்சு மறுபடி ஆர்.சி ப்ளேன் விட்ட கதை, உங்க கதையும் சொல்லுங்க

வணக்கம் மக்களே. கல்யாணம், வேலை, ஈ.எம்.ஐன்னு நடுவுல ஆர்.சி (ரிமோட் கன்ட்ரோல்) ப்ளேன மூட்டை கட்டி வச்சுட்டு திரும்ப வந்தவங்க இங்க நெறைய பேர் இருப்பீங்க. என்னோடத சொல்றேன், உங்களதும் போடுங்க. கொஞ்சம் நீளம்தான்.

நான் கடைசியா விட்டது 2008ல. கோயமுத்தூர்ல காலேஜ் சீனியர் ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டது. பால்சாங்கற லேசான கட்டைய அறுத்து ஒட்டி சின்ன அயர்ன் பாக்ஸ் வச்சு கவரிங் ஃபிலிம இழுத்துத் தேய்ச்சு செய்வோமே அந்த 40 சைஸ் ட்ரெய்னர் (பழகுறதுக்கான ப்ளேன்), மூக்குல குளோ இன்ஜின் (மெத்தனால்ல ஓடற குட்டி இன்ஜின்). பியூயல் நாங்களே கலக்குறதுதான், மெத்தனால் 80, விளக்கெண்ணெய் 20. மெத்தனால் கேட்டா கெமிக்கல் கடைக்காரரு நம்மள ஏற எறங்க ஒரு பார்வை பாப்பாரு, எங்கயோ சாராயம் காச்சப் போறானுங்கன்னு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் விளக்கெண்ணெய் கருகுன வாசம், எங்கம்மா வாசல்லயே கழட்டிப் போடச் சொல்லிரும்.

வெள்ளையடிக்கறதுக்காக பரண காலி பண்றப்ப அந்தப் பழைய பொட்டி கெடச்சுது. றெக்கையத் தூக்குனா காத்து மாதிரி லேசா இருக்குது, என்னடான்னு தட்டுனா உள்ளார இருந்து மண்ணு பொலபொலன்னு கொட்டுதுங்க. கரையான் உள்ள இருக்கற கட்டை ரிப்பு ஒண்ணு விடாம தின்னுட்டு மேல ஃபிலிம மட்டும் சட்டை மாட்டுன மாதிரி அப்படியே விட்டு வச்சிருக்குது. ட்ரான்ஸ்மிட்டர்ல (கையில புடிக்கற ரிமோட்) நிக்கல் காட்மியம் பேட்டரி பச்சை பூத்து ஒயர் வரைக்கும் அரிச்சாச்சு. இன்ஜின் ஒண்ணுதான் மிச்சம், அதுவும் விளக்கெண்ணெய் கோந்தா எறுகி அசையவே இல்ல. வீட்டுக்காரம்மாவோட ஹேர் ட்ரையர எடுத்து பத்து நிமிசம் சூடு காட்டி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவா திருப்புனேன். மொதல்ல ஒண்ணும் இல்ல, அப்புறம் சொளக்குன்னு விட்டுக் குடுத்துச்சு பாருங்க. அந்த கம்ப்ரஷன் வெரல்ல தட்டுனப்பவே தெரிஞ்சு போச்சு, இனி நம்ம காசு நம்மகிட்ட தங்காதுன்னு.

புதுசா வாங்குனது ஃபோம் ட்ரெய்னர், கரண்ட்ல ஓடற ப்ரஷ்லெஸ் மோட்டர், மூணு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. எல்லாம் சேத்து ஒரு கிலோ வந்தா அதிகம். இப்ப 2021 ட்ரோன் ரூல்ஸ்ல நம்ம ப்ளேனும் அடக்கம்ங்கறதால முன்ன மாதிரி கண்ட எடத்துல நின்னு விட முடியாது. கவர்மென்ட்டோட டிஜிட்டல் ஸ்கை மேப்பத் தெறந்து பச்சை ஏரியாவான்னு (அனுமதி கேக்காம விடற எடம்) பாத்துக்கணும், பச்சையா இருந்தாலும் 400 அடிக்கு மேல போகப்படாது. எங்களுக்கு இந்தப் பக்கம் பீளமேடு ஏர்போர்ட், அந்தப் பக்கம் சூலூர் ஏர்ஃபோர்ஸ் பேஸ், அதனால பொள்ளாச்சி பக்கம் மாமா தோட்டத்துக்கே போயிட்டோம்.

மொத நாள் எனக்கு முன்னாடியே ரெண்டு பசங்க அங்க விட்டுட்டு இருந்தாங்க. நான் எறங்குன உடனே பழக்க தோசத்துல "தம்பி என்ன சேனல்?"னு கத்திட்டேன். அவனுக்கு ஒண்ணும் புரியல, யூட்யூப் சேனல் கேக்கறேன்னு நெனச்சுட்டு பேரு சொல்றான்! அந்தக் காலத்து 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுல ரெண்டு பேரு ஒரே க்ரிஸ்டல் (சேனல முடிவு பண்ற சின்ன பார்ட்) போட்டு ஆன் பண்ணுனா மேல இருக்கற ப்ளேன் நேரா கீழதான், அதனால துணி மாட்டுற கிளிப்புல சேனல் நம்பர் எழுதி ஆன்டெனால மாட்டுவோம், கிளிப் இல்லாம எவனாவது சுவிட்ச்சத் தொட்டா அடி விழும். இப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ரிமோட்டையும் ப்ளேனையும் பைண்ட் பண்ணிட்டா (ஜோடி சேத்துட்டா) அதுவே தாவித் தாவி எடம் புடிச்சுக்குது. இத சொன்னா அந்தப் பையன் தாத்தா கதை கேக்கற மாதிரி கேக்கறான். எனக்கு 44 தானுங்க.

தேவையில்லாத பயமெல்லாம் ஞாபகம் இருந்துச்சு, தேவையானது மறந்து போச்சு. ரேஞ்ச் செக் (சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுதுன்னு) பண்ணுனேன், சிஜி (ப்ளேனோட எடை சமநிலை) பாத்தேன், காத்து பாத்தேன். எய்லரான் (ப்ளேன சாய்க்கற றெக்கை மடல்) எந்தப் பக்கம் அசையுதுன்னு மட்டும் பாக்கல. கையில இருந்து எறிஞ்ச உடனே லேசா வலது பக்கம் சாஞ்சுது, எடது குடுத்தேன், இன்னும் சாஞ்சுது, இன்னும் குடுத்தேன், மல்லாந்து நேரா சோளத்தட்டுக்குள்ள போயிருச்சு. ரெண்டு செகண்டு இருக்கும். அந்த மடல அசைக்கற குட்டி மோட்டர், சர்வோ, ரிவர்ஸ்ல கெடந்திருக்குது. மூக்கு தனியா வந்துருச்சு, பெவிக்விக்கும் சமையல் சோடாவும் போட்டு அன்னிக்கு ராத்திரியே ஒட்டியாச்சு, கல்லு மாதிரி நிக்குது.

மூணாவது வாரந்தான் தென்ன மரம். அது ஆடி மாசம், பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து எங்கூருக்குத் தெரியாததா, வேண்டாம்னு மாமா சொன்னாரு. அம்மியே பறக்கற காத்துல ஒரு கிலோ ப்ளேன் பறக்காதான்னு ஜோக் அடிச்சுட்டு விட்டேன். போறப்ப ஜோரா போச்சு, திரும்பி வர்றப்ப ஃபுல் த்ராட்டில்லயும் நின்ன எடத்துல நிக்குது, அப்படியே பின்னால தள்ளிட்டுப் போயி மட்டை நடுவுல சொருகிருச்சு. மரம் ஏறுறவர கூட்டிட்டு வந்தோம். அவரு பாதி மரம் ஏறுனப்பதான் எனக்கு ஒறைக்குது, மேல லிப்போ கனெக்ஷன்ல இருக்குது, ப்ரொப்பல்லர் எப்ப வேணா சுத்தும். ட்ரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணலாம்னா நான் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனா மோட்டர் தானா நிக்கற செட்டிங்) செட் பண்ணவே இல்ல, சிக்னல் போனா மோட்டர் என்ன செய்யும்னு தெரியாது. த்ராட்டில் ஸ்டிக்க கட்டைவெரல்ல கீழ அமுக்கிப் புடிச்சுட்டு "அண்ணா மூக்கத் தொடாதீங்க, வாலப் புடிங்க"ன்னு கத்திட்டே நிக்கறேன், வேர்வையில வெரல் வழுக்குது. அவரு எறங்கி வந்து ப்ளேனக் குடுத்துட்டு, "கூலி எளநிக்கு குடுக்கறதே குடுங்க சாமி, ஆனா இது காய்க்கற மாதிரி தெரியல"ன்னு சொல்லிட்டுப் போறாரு.

---

அண்ணே, மதுரைப் பக்கம். வத்துன கம்மாதான் நம்ம ரன்வே, சீமக்கருவேலந்தான் நம்ம எதிரி. முள்ளுக்குள்ள போனா ப்ளேனும் கிழியும், எடுக்கப் போறவன் கையும் கிழியும்.

நான் என்.சி.சி ஏர் விங்ல கன்ட்ரோல் லைன் விட்டவன், கம்பியப் புடிச்சுக்கிட்டு கூடவே சுத்தணும், எறங்குறப்ப தலை கிறுகிறுன்னு வரும். 12 வருசம் கழிச்சு ஆர்.சிக்கு வந்தேன். ரெண்டு மாசம் கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல கெடந்துட்டுதான் கிரவுண்டுக்கே போனேன், அத எல்லாருக்கும் சொல்லுவேன். ப்ளேன் நம்மள நோக்கி வர்றப்ப எடது வலது மாறிப்போகுதுல்ல, அதுக்கு ஒரு வழி: எந்தப் பக்கம் றெக்கை தாழுதோ அந்தப் பக்கமே ஸ்டிக்க முட்டுக் குடுங்க. யோசிக்கவே வேணாம். ஆனா சிமுலேட்டர் ஒண்ணு மட்டும் சொல்லித் தராது, மொத ஃப்ளைட்ல முட்டி ஆடும் பாருங்க, அது. எனக்கு எறக்குன பெறகுதான் ஆட ஆரம்பிச்சுச்சு.

---

சென்னைல இருந்து. எங்களுக்கு மரம் பிரச்சனையே இல்ல, கிரவுண்டே இல்ல. நாங்க 2005ல விட்ட எடத்துல இப்ப அபார்ட்மென்ட், லிஃப்ட்டோட. ஊர் தாண்டி ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி, பத்து நிமிஷம் பறக்க விட்டுட்டு வரோம்.

நான் செஞ்ச முட்டாள்தனம் லிப்போல. நிக்கல் காட்மியம் நெனப்புலயே சனிக்கிழமை ஃபுல் சார்ஜ் போட்டேன், மழை, போகல, அப்படியே அலமாரியில வச்சு ரெண்டு மாசம் மறந்துட்டேன். எடுத்துப் பாத்தா பேட்டரி பூரி மாதிரி உப்பிட்டு நிக்குது. செல்லுக்கு 4.2 வோல்ட்ல வெச்சுட்டுப் போகக் கூடாதாம், பறக்கலன்னா 3.8க்கு எறக்கி வைக்கணும், சார்ஜர்லயே ஸ்டோரேஜ்னு ஒரு பட்டன் இருக்கு. அது எதுக்குன்னு அன்னிக்கு வரைக்கும் நான் பாத்ததே இல்ல. உப்புனத தயவுசெஞ்சு குத்திப் பாக்காதீங்க.

அப்புறம் கண்ணு பத்தி யாருமே பேசலயே? ப்ரோக்ரெஸிவ் கண்ணாடில (மேல தூரத்துக்கு, கீழ கிட்டக்க) மேல பாத்தா ப்ளேன் தெளிவா இருக்கு, ட்ரான்ஸ்மிட்டர் ஸ்க்ரீன் பாக்க குனிஞ்சு நிமிந்தா ப்ளேன் எங்கன்னு தேட வேண்டியிருக்கு. எனக்கு மட்டும்தானா?

---

மொதல்ல கதை சொன்ன நான்தாங்க மறுபடியும். உங்களுக்கு மட்டும் இல்லைங்க. நான் எறக்கைக்கு அடியில கறுப்புப் பட்டை பட்டையா டேப் ஒட்டிட்டேன், மேல ஆரஞ்சு. தூரத்துல பொரண்டு இருக்குதா நேரா இருக்குதான்னு ஒடனே தெரியுது. டைமர் செட் பண்ணி சத்தம் வர்ற மாதிரி வச்சுட்டா ஸ்க்ரீனப் பாக்கவே வேண்டாம். ஃபெயில்சேஃப்பும் செட் பண்ணியாச்சு, ப்ரொப்பல்லரக் கழட்டி வச்சுட்டு ட்ரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணிப் பாத்துட்டேன், மோட்டர் நிக்குது.

பழைய இன்ஜின நேத்து மரப்பலகையில மாட்டி ஸ்டார்ட் பண்ணுனேன், புது குளோ ப்ளக் மட்டும் வாங்கிப் போட்டது. ஏழாவது தட்டுக்கு பத்திக்குச்சு. பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பாத்து "ஏன் கண்ணு, யாருக்கு வயிறு சரியில்ல, விளக்கெண்ணெய் காச்சறீங்களா"ன்னு கேக்குது. இதுக்கு ஒரு பால்சா ட்ரெய்னர் கட்டலாம்னு இருக்கேன், யாருகிட்டயாவது நல்ல பால்சா ஷீட் இருந்தா சொல்லுங்க, கரையான் பாக்காததா.

ஞாயித்துக்கிழமை காத்து இல்லைன்னா காலைல ஆறரைக்கு தோட்டத்துல இருப்பேன். இந்தத் தடவ தோப்புக்கு அந்தப் பக்கம்.